செந்நாய் ஆய்வுக்கு ஆறு லட்சம் ரூபாய் இருக்கிறது, எதற்குக் கொடுப்பது?

உடுமலை டீச்சர் எழுதியது:

வணக்கம். முப்பத்தோரு ஆண்டுகள் மேல்நிலை வகுப்புகளுக்கு விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். என் வீட்டுக்காரர் அமராவதி வனச்சரகத்தில் வனக் காவலராகச் சேர்ந்து வனக் காப்பாளராக ஓய்வு பெற்றார். போன ஆடியில் காலமானார். அவர் பெயரில் இருந்த வைப்புத்தொகை முதிர்ந்து ஆறு லட்சம் ரூபாய் வந்திருக்கிறது. பிள்ளைகள் இருவரும் தங்களுக்கு வேண்டாம் என்றுவிட்டார்கள். கோயில் திருப்பணிக்குக் கொடுக்கச் சொன்னாள் நாத்தனார். மனிதர் கோயிலுக்கு வந்தால் உள்ளே போகாமல் வாசலில் எங்கள் செருப்புகளைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பார். அவருடைய பணம் காட்டுக்கே போகட்டும், அதிலும் செந்நாய்க்குப் போகட்டும் என்று முடிவு செய்தேன்.

ஏன் செந்நாய்? காட்டில் அவருக்குப் பிடித்த விலங்கு அதுதான். இன்றைக்குச் செந்நாய்க் கூட்டத்தைப் பார்த்தேன் என்று வீட்டுக்கு வந்து சொல்வார், பக்கத்து வீட்டுக்காரர் "தெருநாயா?" என்று கேட்பார், இவருக்கு இரவுச் சாப்பாடு இறங்காது. தெருநாயும் ஓநாயும் குள்ளநரியும் கானிஸ் பேரினம், செந்நாய் குவான் என்ற தனிப் பேரினம், அதில் வேறு எந்த உயிரும் இன்று இல்லை என்று நான் விளக்க வேண்டியிருக்கும். நாய்க்கு 42 பல், செந்நாய்க்கு 40. கீழ்த்தாடையில் பக்கத்துக்கு ஒரு கடைவாய்ப்பல் குறைவு. வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் நாக்கால் தங்கள் பல்லை எண்ணத் தொடங்கிவிடுவார்கள், அன்றைய பாடம் அவ்வளவுதான்.

பணம் கொடுப்பதற்கு முன்னால் கொஞ்சம் படித்தேன். புலிக்கு நான்கு ஆண்டுக்கு ஒருமுறை கணக்கு. 2022 கணக்கில் நாட்டில் சராசரி 3,682. வரையாட்டுக்கு நம் மாநில அரசே 25.14 கோடி ரூபாயில் திட்டம் போட்டு, 2024இல் 1,031, 2025இல் 1,303 என்று எண்ணிச் சொல்லிவிட்டது. செந்நாய்க்கு என்ன கணக்கு என்று பார்த்தால், உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கமான ஐ.யு.சி.என். அமைப்பின் 2015ஆம் ஆண்டு மதிப்பீட்டில், இனப்பெருக்கம் செய்யும் நிலையில் உலகம் முழுவதும் 949 முதல் 2,215 வரை என்று போட்டிருக்கிறது. கீழெண்ணைப் போல இரண்டு மடங்குக்கு மேல் மேலெண். என் மாணவன் இப்படி விடை எழுதியிருந்தால் ஓரத்தில் கேள்விக்குறி போட்டிருப்பேன். எண்ணத் தெரியாமல் இல்லை, எண்ணுவதற்கு நல்ல வழி அமையவில்லை என்று புரிந்தது. அதனால்தான் பணம் 'காப்பாற்றுவதற்கு' என்று பொதுவாகப் போகாமல், கண்காணிக்கும் முறையை மேம்படுத்தும் ஆய்வுக்குப் போக வேண்டும் என்று விரும்புகிறேன்.

என் கையில் இரண்டு விண்ணப்பங்கள் இருக்கின்றன. முதலாவது ஒரு தன்னார்வ அமைப்பினுடையது. இருபது தானியங்கி கேமரா, இரண்டு ஜி.பி.எஸ். கழுத்துப்பட்டை, கைப்பேசிச் செயலி ஒன்று. வண்ணப்படங்களோடு பதினாறு பக்கம். மூன்று இடத்தில் 'சென்நாய்' என்று இருக்கிறது. சிவப்பு மையால் திருத்தி வைத்திருக்கிறேன். இரண்டாவது ஓர் ஆராய்ச்சி மாணவி அனுப்பியது. நான்கு பக்கம், படமே இல்லை. எச்சத்தை, அதாவது மலத்தைச் சேகரித்து, அதிலிருந்து டி.என்.ஏ. எடுத்து, ஒவ்வொரு செந்நாயையும் தனித்தனியாக அடையாளம் காண்பேன் என்கிறாள். செலவுப் பட்டியலில் 'காலணி, மூன்று ஜோடி' என்று ஒரு வரி.

உண்மையைச் சொன்னால் மனம் கேமராப் பக்கம்தான் சாய்கிறது. படம் வந்தால் பேரப்பிள்ளைகளுக்குக் காட்டலாம். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இன்னொன்று. அவருடைய பாக்கெட் டைரிகள் இருபத்திரண்டு இருக்கின்றன, 1989 முதல் 2010 வரை. இலாகா டைரி வேறு. இது அவர் தனக்காக எழுதியது. பாதி பென்சில். ஓரத்தில் பல இடங்களில் 'சீ' என்று எழுதி வைத்திருக்கிறார். மேலதிகாரி மேல் கோபமா, நான் கட்டிக்கொடுத்த எலுமிச்சைச் சாதத்தின் மேலா, தெரியவில்லை. இதையெல்லாம் யாராவது வாங்கிக்கொள்வார்களா, அல்லது பரண்மேல் இருக்கட்டுமா?

*

எச்சம் பொறுக்கி எழுதியது:

அம்மா, வணக்கம். பெயரைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள், தொழிலே அதுதான். நான்கு கோடைகள் நீலகிரிப் பக்கத்தில் ஊன் உண்ணிகளின் எச்சம் பொறுக்கியிருக்கிறேன்.

கேமரா வாங்காதீர்கள். புலிக்குக் கேமரா ஏன் பயன்படுகிறது என்றால் ஒவ்வொரு புலியின் வரியும் வேறு. அதற்காகத்தான் பாதையின் இரு பக்கமும் ஜோடியாகக் கேமரா கட்டி இரண்டு விலாவையும் எடுக்கிறார்கள். சிறுத்தைக்குப் புள்ளி. செந்நாய்க்கு எதுவும் இல்லை. தலை முதல் வால் வரை செங்கல் நிறம், வால் மட்டும் கருப்பு. காது கிழிந்ததோ வால் நுனி வெளுத்ததோ கூட்டத்தில் ஒன்றிரண்டு இருக்கும், அவ்வளவே. பத்து செந்நாய் ஓட்டமாகப் போனால் கேமரா விழித்துக்கொள்வதற்குள் ஆறு போயிருக்கும். கிடைப்பது கடைசி நான்கின் முதுகு. மறுநாள் அதே இடத்தில் மூன்று விழும். நேற்று வந்த கூட்டமா, பக்கத்துக் கூட்டமா? உங்கள் 949க்கும் 2,215க்கும் நடுவே உள்ள பள்ளத்தில் பெரும்பங்கு இந்தக் கேள்விதான்.

அதோடு, காட்டில் கேமரா குறைவு என்று யார் சொன்னது? 2018 புலிக் கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் கட்டினார்கள். 3 கோடியே 48 லட்சம் படங்கள் விழுந்தன. அதில் புலி 76,651, சிறுத்தை 51,777. மீதியில் மானும் மாடும் காட்டுப்பன்றியும் மனிதர்களும் காற்றில் ஆடிய புல்லும், கூடவே செந்நாயும் இருக்கும். இருபது கேமராவை அதோடு சேர்ப்பது கடலில் கரைத்த பெருங்காயம். முறைப்படி அனுமதி பெற்று, ஏற்கெனவே இருக்கும் படங்களில் செந்நாய் எங்கே, எந்த மாதம், எத்தனை நாளுக்கு ஒருமுறை விழுந்தது என்று பிரித்துப் பார்க்க ஒருவருக்கு ஓராண்டுச் சம்பளம் கொடுத்தால் அது பயனுள்ள செலவு. ஆனால் அப்படி யாரும் விண்ணப்பம் போடுவதில்லை. கணினி முன்னால் உட்கார்ந்திருப்பதை வண்ணப்படமாக எடுத்து ஒட்ட முடியாது அல்லவா.

கழுத்துப்பட்டையில் விஷயம் இல்லாமல் இல்லை. ஒரு கூட்டம் எவ்வளவு பரப்பில் சுற்றுகிறது, சாலையை எங்கே கடக்கிறது என்பதெல்லாம் அதில்தான் நன்றாகத் தெரியும். ஆனால் செந்நாயின் எடை பெரும்பாலும் 12 முதல் 20 கிலோ. பட்டை உடல் எடையில் 3 முதல் 5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது வழக்கம். அதற்குள் பேட்டரி எவ்வளவு அடங்கும், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். மயக்க ஊசி, கால்நடை மருத்துவர், அனுமதி எல்லாம் தனி. உங்கள் ஆறு லட்சத்தில் அதைத் தொடங்கினால் பாதியில் நிற்கும்.

இனி எச்சம். செந்நாய்க்கு ஒரு பழக்கம், எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய உதவி. பாதைகள் கூடும் முக்கில், கூட்டத்தில் உள்ளவை சேர்ந்து ஒரே இடத்தில் கழித்துவிட்டுப் போகும். குடலின் உட்சுவரிலிருந்து உரிந்த அணுக்கள் எச்சத்தின் மேற்புறத்தில் ஒட்டியிருக்கும், அதிலிருந்து டி.என்.ஏ. எடுத்தால் ஒவ்வொன்றும் எந்த விலங்கினுடையது என்று சொல்லிவிடலாம். பொறுக்குவதற்கு விடியற்காலை போக வேண்டும், ரோந்து ஜீப் அதன்மேல் ஏறுவதற்கு முன்னால். ஒரு நாள் வெயில் பட்டால் டி.என்.ஏ. சிதையத் தொடங்கும், மழை பட்டால் மறந்துவிடலாம். வயநாடு சரணாலயத்தில் இப்படிச் செய்த ஆய்வு 2021இல் வெளியானது. எந்த எச்சம் யாருடையது, எந்த இடத்தில் மறுபடி கிடைத்தது என்பதை வைத்துக் கணக்கிட்டு, 100 சதுர கிலோமீட்டருக்கு 12 முதல் 14, சரணாலயம் முழுவதிலும் சுமார் 50 என்று சொன்னார்கள். 50 என்ற எண்ணைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. செந்நாய்க்குப் பேர்போன காடு அது.

மாணவியிடம் நேரில் கேளுங்கள். நூறு மாதிரி எடுத்தால் எத்தனை வீணாகும் என்று எதிர்பார்க்கிறாள்? 'ஒன்றும் வீணாகாது' என்றால் அனுபவம் இல்லை என்று பொருள். எந்த ஆய்வகம்? ஹைதராபாத்தில் சி.சி.எம்.பி., டேராடூனில் இந்திய வனவுயிர் நிறுவனம், வண்டலூரில் நம் வனத்துறையின் உயர்நிலை நிறுவனம் என்று இடங்கள் உண்டு. அவளுக்கு வாக்குறுதி கொடுத்தவர் யார்? ஒரே பாதையை ஒரு பருவத்தில் எத்தனை முறை நடப்பாள்? கூட நடக்கும் உள்ளூர்க்காரருக்கு நாளுக்கு என்ன கூலி எழுதியிருக்கிறாள்? அந்த வரி இல்லாவிட்டால் எழுதச் சொல்லுங்கள்.

எல்லாவற்றையும்விட, மூன்றாவது ஆண்டு அதே பாதையில் மறுபடி நடப்பாளா? ஒரே ஒரு ஆண்டின் எண் சுவரில் மாட்டும் காலண்டரைப் போல. செந்நாய்க் கூட்டம் ஓர் ஈற்றில் இரட்டிப்பாகும், ஒரு நோயில் காணாமல் போகும். கர்நாடகத்து மேற்கு மலைகளில் 2007இல் தடமும் எச்சமும் தேடி நடந்தார்கள், 2015இல் மறுபடி நடந்தார்கள். செந்நாய் இருந்த இடங்கள் சுருங்கியிருப்பது அப்படித்தான் தெரிந்தது. அதற்கு ஆய்வகம்கூடத் தேவைப்படவில்லை, கால் தேவைப்பட்டது.

உங்கள் தொழில்காரர் ஒருவரையும் நினைவுபடுத்துகிறேன். ஏ.ஜே.டி. ஜான்சிங், நாங்குநேரிக்காரர், சிவகாசியில் கல்லூரி விலங்கியல் ஆசிரியர். 1976 முதல் 1978 வரை பந்திப்பூரில் செந்நாய்க் கூட்டத்தின் பின்னாலேயே நடந்தார். ஒரு கூட்டத்தில் பெரியவை சராசரி எட்டு என்று அவர் சொன்னதை இன்றும் மேற்கோள் காட்டுகிறோம். 2024இல் காலமாகும்வரை நடப்பதை நிறுத்தவில்லை.

காலணி மூன்று ஜோடி என்று எழுதியவளுக்குக் கொடுங்கள். மூன்று தவணையாகக் கொடுங்கள்.

*

சிலிக்கான் குருவி எழுதியது:

பெங்களூரில் மென்பொருள் வேலை. எச்சம் பொறுக்கி ஐயா பழைய காலத்திலேயே நிற்கிறாரோ என்று தோன்றுகிறது. செந்நாய் சீழ்க்கை அடிக்கும் என்று படித்திருக்கிறேன். உள்ளங்கை அளவில் ஒலிப்பதிவுக் கருவிகள் இப்போது மலிவாகக் கிடைக்கின்றன. ஐம்பது கருவிகளை மரத்தில் கட்டிவிட்டால் நாள் முழுவதும் பதிவு செய்யும். செயற்கை நுண்ணறிவு செந்நாய்க் குரலை மட்டும் பிரித்துக் கொடுக்கும். பறவைகளுக்கு இதைத்தான் செய்கிறார்கள். டீச்சர் இதற்குக் கொடுத்தால் மென்பொருளை நான் இலவசமாக எழுதித் தருகிறேன்.

*

எச்சம் பொறுக்கி எழுதியது:

இலவசம் என்றதும் கோபம் தணிந்துவிட்டது, தம்பி. யோசனை தவறில்லை. ஆனால் கருவிக்குக் கற்பிக்க முதலில் இது செந்நாய்தான் என்று உறுதியான நூற்றுக்கணக்கான பதிவுகள் வேண்டும். பறவைக்கு உலகெங்கும் ஆர்வலர்கள் பதிவு செய்து குவித்திருக்கிறார்கள். செந்நாய்ச் சீழ்க்கையை அப்படிக் குவித்தவர் இல்லை. ஓநாயைப் போல இது நீளமாக ஊளையிடாது. கூட்டம் சிதறினால் ஒன்றையொன்று கூப்பிட்டுச் சேர அடிக்கும் சின்னச் சீழ்க்கை. மேலும், சீழ்க்கை கேட்டது என்றால் 'இருக்கிறது' என்று தெரியும். எத்தனை என்று தெரியாது.

*

அணைக்குத் தெற்கே எழுதியது:

நான் ஆடு மேய்க்கிறவன். பிளஸ் டூ வரை படித்தேன். டீச்சர் ஊர்ப்பக்கம்தான்.

பெரியவர்கள் பேசுவதில் குறுக்கே வருகிறேன் என்று நினைக்க வேண்டாம். கணக்கெடுக்க வருகிறவர்கள் எங்கள் பட்டியைத் தாண்டித்தான் காட்டுக்குள் போகிறார்கள். ஒருவரும் நின்று கேட்டதில்லை. செந்நாய் எந்த மாதம் ஓடைக்கு இந்தப் பக்கம் இறங்கும், எந்த ஆண்டு இறங்கவில்லை என்று என் அப்பாவுக்குத் தெரியும். தாத்தா காலத்தில் செந்நாய் கடமானை அடித்தால் கூட்டமாகப் போய்க் கத்தி விரட்டிவிட்டுக் கறியை எடுத்து வருவார்களாம். அவை சண்டை போடாமல் விலகி நின்று பார்க்கும் என்பார். பாவம் என்றும் சொல்வார், கறி ருசி என்றும் சொல்வார்.

இரண்டு ஆண்டுக்கு முன் எனக்கு நான்கு ஆடு போயிற்று. நஷ்ட ஈட்டுக்கு எழுதிக் கொடுத்தேன். அடித்தது செந்நாயா ஊர்நாயா, போட்டோ இருக்கிறதா என்றார்கள். ஆடு போகிற நேரத்தில் நான் போட்டோ எடுப்பேனா? இன்றுவரை ஒன்றும் வரவில்லை. உண்மையில் அது ஊர்நாயாகவும் இருந்திருக்கலாம். செந்நாய் இந்தப் பக்கம் ஆட்டைத் தொடுவது குறைவு. அந்த எச்சப் பரிசோதனையில் இதையும் கண்டுபிடிக்க முடியும் என்றால் எங்களுக்கும் அதில் வேலை இருக்கிறது.

சத்தம் பற்றிச் சொன்னீர்கள். விடியற்காலை மூடுபனியில் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, சீழ்க்கை மட்டும் வரும். புதிதாகக் கேட்கிறவன் குருவி என்பான். ஆடு குருவி என்று நினைக்காது, ஒன்றோடொன்று ஒட்டி நின்றுவிடும். உங்கள் கருவியைவிட என் ஆடு நன்றாகக் கண்டுபிடிக்கும்.

*

எச்சம் பொறுக்கி எழுதியது:

தம்பி சொன்னது சரி. எச்சத்தில் செந்நாய், ஊர்நாய், சிறுத்தை மூன்றையும் ஆய்வகத்தில் பிரித்துவிடலாம். அடிபட்ட ஆட்டின் காயத்தில் ஒட்டிய உமிழ்நீரிலும் முயலலாம், சீக்கிரம் எடுத்தால். ஊர்நாய்களை எண்ணுவதும் செந்நாய்க் கண்காணிப்பில் சேர்த்திதான். டிஸ்டெம்பர் என்ற நாய்க் காய்ச்சல், வெறிநோய் எல்லாம் அங்கிருந்து காட்டுக்குள் போகக்கூடும். மாணவியிடம் இந்த ஆட்டுப்பட்டியின் வழியைச் சொல்லுங்கள், டீச்சர்.

கேமராவைத் திட்டும் வேகத்தில் உங்கள் கடைசிப் பத்தியைத் தாண்டிப் போய்விட்டேன். இப்போதுதான் மறுபடி படித்தேன். டைரியில் என்ன எழுதியிருக்கிறார்? செந்நாயைப் பார்த்த நாளை மட்டும் எழுதினாரா, ஒன்றும் பார்க்காத நாளையும் எழுதினாரா?

*

உடுமலை டீச்சர் எழுதியது:

எல்லா நாளும் எழுதியிருக்கிறார். அதுதான் எனக்குச் சலிப்பு. ஒரு பக்கத்தை அப்படியே தருகிறேன், எழுத்துப்பிழையை மட்டும் திருத்தியிருக்கிறேன்:

'காலை 6.10. சின்னாறு ரோடு, பிறகு தளிஞ்சி வழி. வெயில். ஒன்றுமில்லை. பகல் 2. திரும்பினேன்.'

மறுநாள்: 'காலை 6. அதே வழி. செந். 7, ஓடையில். குட்டி இல்லை. கடமான் தலை கிடந்தது.'

அதற்கு மறுநாள்: 'ஒன்பதாறு செக்போஸ்ட் டூட்டி. நடக்கவில்லை.' (ஒன்பதாறு என்பது சோதனைச்சாவடியின் பெயர்.)

இப்படியே இருபத்திரண்டு ஆண்டு. 'ஒன்றுமில்லை' என்று எத்தனை ஆயிரம் தடவை எழுதினாரோ. ஒன்றுமில்லாததை எதற்கு எழுதுகிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "நடந்தேன் அல்லவா?" என்றார்.

ஆடு மேய்க்கும் தம்பிக்கு: என் வகுப்பில் படித்திருக்கிறாயா? எழுத்தைப் பார்த்தால் நம் பள்ளி மாதிரி இருக்கிறது. அடுத்த முறை மாதிரி எடுத்து வைக்க என்ன வேண்டும் என்று மாணவியிடம் கேட்டு நானே வந்து சொல்கிறேன்.

*

எச்சம் பொறுக்கி எழுதியது:

அம்மா, அந்த டைரிகளை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். படம் எடுத்த பிறகு பிரதியை மட்டும் கொடுங்கள்.

எங்கள் தொழிலில் பெரிய தலைவலி 'இல்லை' என்ற செய்திதான். செந்நாயைப் பார்த்தவர்கள் ஆயிரம் பேர் சொல்வார்கள். இத்தனை மணிக்கு இந்த வழியில் நடந்தேன், பார்க்கவில்லை என்று யாரும் எழுதி வைப்பதில்லை. நடந்த நாள் எத்தனை என்று தெரியாமல் பார்த்த நாள் எத்தனை என்பதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. 1990இல் பத்து முறை, 2010இல் ஐந்து முறை பார்த்தார் என்றால் செந்நாய் குறைந்ததா, அவர் நடந்தது குறைந்ததா? செக்போஸ்ட் டூட்டி, நடக்கவில்லை என்றுகூட எழுதியிருக்கிறார். வழியையும் எழுதியிருக்கிறார். இதற்குமேல் என்ன வேண்டும்? ஒரே மனிதர், ஒரே காடு, இருபத்திரண்டு ஆண்டு. மாணவி நடக்கப்போகும் பாதைகளை அந்த டைரியிலிருந்தே தேர்ந்தெடுக்கலாம். அன்றைக்கும் இன்றைக்கும் ஒப்பிட இதைவிட நல்ல அடித்தளம் அந்தப் பக்கத்தில் கிடைக்காது.

குறையையும் சொல்லிவிடுகிறேன். வயதானபின் பார்வை மங்கியிருக்கலாம். பிடித்த வழியில் அதிகம் நடந்திருக்கலாம். அதற்கெல்லாம் கணக்கில் இடம் உண்டு. 'குட்டி இல்லை' என்று எழுதுகிற மனிதரின் கண்ணை நான் நம்புவேன்.

ஆறு லட்சத்தில் ஒரு சிறு பங்கை, டைரியைப் படித்து அட்டவணையில் ஏற்றும் வேலைக்கு ஒதுக்குங்கள். பென்சில் எழுத்து முதலில்.

*

காக்கி கழற்றியவன் எழுதியது:

ஓய்வுபெற்ற வனச்சரகர். டீச்சரின் கணவரோடு வேலை செய்ததில்லை. அப்படிப்பட்டவர்கள் சிலரோடு செய்திருக்கிறேன்.

சுருக்கமாக. பணத்தை மாணவி கையில் கொடுக்க வேண்டாம். அவள் பதிவு செய்துள்ள நிறுவனத்துக்கு, திட்டத்தின் பெயரில், கடிதம் வைத்துக் கொடுங்கள். தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி கைக்கு வந்த பிறகே முதல் தவணை. அனுமதிக்கு மாதங்கள் ஆகும். அவசரப்பட்டால் ஒரு கோடையே வீணாகும். புலிகள் காப்பகத்தின் உள்பகுதி என்றால் கூடவே துறை ஆள் வருவார், அவருடைய சாப்பாட்டையும் செலவில் எழுதச் சொல்லுங்கள். யாரும் எழுதுவதில்லை, பிறகு அந்த ஆள்தான் கைக்காசு போடுகிறார்.

டைரியில் குட்டி போட்ட புடைகளின் இடம் எழுதியிருந்தால் அதைப் பொதுவெளியில் போடாதீர்கள். நவம்பர் முதல் மார்ச் வரை குட்டிக் காலம். எச்சம் பொறுக்க ஏற்ற வறண்ட மாதங்களும் அதில் பாதி. மாணவி புடைப்பக்கம் போகக் கூடாது என்று நிபந்தனை வையுங்கள். ஆள் வாடை பட்டால் தாய் குட்டியைக் கவ்விக்கொண்டு இடம் மாறும்.

என் அப்பாவும் இலாகாதான். அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் செந்நாயைக் கொன்று கொண்டுவந்தால் பரிசு உண்டு. மானைத் தின்கிறது என்று பிரிட்டிஷார் தொடங்கிய பழக்கம். 1972 சட்டம் வரும்வரை ஒழியவில்லை. அந்தப் பரிசுக் கணக்குப் புத்தகங்களில்தான் அன்றைய செந்நாய் எண்ணிக்கை இருக்கிறது என்று அப்பா சிரிப்பார். செத்தவற்றின் எண்ணிக்கை.

*

உடுமலை டீச்சர் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. மாணவியை வீட்டுக்கு வரச்சொன்னேன், வந்தாள். நூறில் எத்தனை வீணாகும் என்று கேட்டேன். "முப்பது நாற்பதுகூடப் போகலாம், மிஸ்" என்றாள். தேறினாள். கூலிக்கு வரி இல்லை, எழுதச் சொல்லியிருக்கிறேன். துறை ஆளின் சாப்பாடு என்றதும் கொஞ்சம் விழித்தாள், அதையும் எழுதிக்கொண்டாள். அனுமதி வந்ததும் முதல் தவணை. மூன்றாம் ஆண்டு மறுபடி நடக்காவிட்டால் கடைசித் தவணை இல்லை என்று கடிதத்திலேயே போட்டுவிட்டேன். சிலிக்கான் குருவிக்கு: அட்டவணையில் ஏற்ற ஒரு படிவம் செய்து தர முடியுமா? நுண்ணறிவு எதுவும் வேண்டாம், தேதி தவறாக விழாமல் இருந்தால் போதும்.

கேமரா அமைப்புக்கு மரியாதையாக மறுத்து எழுதினேன். திருத்திய பதினாறு பக்கத்தையும் கூடவே அனுப்பினேன்.

டைரியை 1994லிருந்து தொடங்கியிருக்கிறேன், அந்த ஆண்டு மை பேனா. இங்கே எனக்கு ஓர் உதவி வேண்டும். ஆடு மேய்க்கும் தம்பி எழுதியதைப் படித்தபின் அந்த 'சீ' எல்லாவற்றையும் மறுபடி எடுத்துப் பார்த்தேன். 'காலை 5.50. மூடுபனி. சீ. கொஞ்ச நேரம் நின்றேன்.' 'மாலை. ஓடைக்கு அந்தப் பக்கம் சீ, இரண்டு தடவை.' 'சீ. ஆள் தெரியவில்லை.' ஓர் இடத்தில்கூட அதிகாரியும் இல்லை, எலுமிச்சைச் சாதமும் இல்லை. சீழ்க்கையை முழுதாக எழுத மனிதருக்கு நேரமில்லை. இத்தனை ஆண்டும் நான் கோபம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் கேள்வி: கேட்டிருக்கிறார், பார்க்கவில்லை. அட்டவணையில் இதை 1 என்று போடுவதா, 0 என்று போடுவதா?

*

எச்சம் பொறுக்கி எழுதியது:

இரண்டும் வேண்டாம், அம்மா. தனிக் கட்டம் போடுங்கள். பார்த்தது, தடம், எச்சம், கேட்டது என்று நான்கு கட்டம். நடந்த வழிக்கு ஐந்தாவது.